லாரி கேபினில் ஒரு குளிர்காலம்

கேம்பர்வேன் என்று ஒரு வண்டி உண்டு. ஆங்கிலப் படங்களில் பார்த்திருப்பீர்கள். ஒரு வேனுக்குள்ளேயே கட்டில், அடுப்பு, தண்ணீர் டேங்க், துணி வைக்க அலமாரி எல்லாம் இருக்கும். ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் 1950இல் கொண்டுவந்த டைப் 2 வேன்தான் இந்த வகைக்குப் பாட்டன் மாதிரி. அடுத்த வருடமே வெஸ்ட்ஃபாலியா என்ற இன்னொரு நிறுவனம் அதற்குள் படுக்கையும் அலமாரியும் வைத்துக் கொடுக்க ஆரம்பித்துவிட்டது. முதலில் விடுமுறைக்குப் போகிறவர்கள் வாங்கினார்கள், பிறகு ஹிப்பிகள் வாங்கினார்கள். அமெரிக்காவில் 2008 பொருளாதாரச் சரிவுக்குப் பிறகு வீட்டுக் கடனும் வாடகையும் கட்ட முடியாத வயதானவர்கள் பலர் வேனிலேயே குடியேறிவிட்டார்கள். ஜெசிகா ப்ரூடர் 2017இல் எழுதிய 'நோமேட்லேண்ட்' என்ற புத்தகம் அவர்களைப் பற்றியதுதான். அதை வைத்து எடுத்த படத்துக்கு 2021இல் ஆஸ்கர் கிடைத்தது.

நம் ஊரில் இப்படி யாராவது வண்டியிலேயே குடியிருக்கிறார்களா என்று கேட்டால், "அதெல்லாம் வெள்ளைக்காரன் பண்ற வேலை" என்றுதான் சொல்லத் தோன்றும். ஆனால் திருவொற்றியூரிலிருந்து மணலி போகிற வழியில் சாத்தாங்காடு பக்கம் போய்ப் பாருங்கள். பதில் ரோட்டோரத்திலேயே வரிசையாக நிற்கும்!

சாத்தாங்காடு இரும்புக்குப் பேர்போன இடம். ஜார்ஜ் டவுனின் குறுகலான தெருக்களில் நடந்துகொண்டிருந்த இரும்பு வியாபாரத்தை ஊருக்கு வெளியே கொண்டுபோவதற்காக சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் (சி.எம்.டி.ஏ.) இங்கே 200 ஏக்கருக்கு மேல் இடம் எடுத்து இரும்பு மார்க்கெட் அமைத்தது. வெளிமாநிலங்களிலிருந்து தகடும் காயிலும் கம்பியும் ஏற்றிய லாரிகள் வந்து நிற்கும். இன்னொரு பக்கம் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் டிரெய்லர்கள். சென்னைத் துறைமுகத்தில் 1983இல் தனி கன்டெய்னர் முனையம் வந்தது. அந்த வண்டிகள் உள்ளே போவதற்கான வடக்கு வாசல் காசிமேடு பக்கம் இருக்கும் ஜீரோ கேட். அங்கே அடைப்பு விழுந்தால் வரிசை எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் நீண்டு, மணலி ரோட்டுக்குத் திரும்பி, சாத்தாங்காடு வரைக்கும் வந்துவிடும். இதற்காகவே எண்ணூர் - மணலி சாலை மேம்பாட்டுத் திட்டம் என்று ஒன்று போட்டு, ரோட்டை அகலப்படுத்தினார்கள். ரோடு அகலமானதும் வரிசையும் அகலமாகிவிட்டது, அவ்வளவுதான்.

வரிசை மோசமான காலங்களில் ஒரு டிரெய்லர் உள்ளே போக ஒரு நாள் ஆகும், சில சமயம் இரண்டு நாளும் ஆகும். அதுவரை டிரைவர் எங்கே இருப்பார்? கேபினில்தான். பாய், போர்வை, தண்ணீர் கேன், ஸ்டவ், அரிசி, மிளகாய்த்தூள் டப்பா, கண்ணாடிக்கு மேலே சாமி படம், கயிற்றில் காயும் கைலி. வெஸ்ட்ஃபாலியா வேனில் இருந்த பொருளெல்லாம் இதிலும் இருக்கிறது. ஒரு வித்தியாசம், இவர்கள் யாரும் இதை விரும்பித் தேர்ந்தெடுக்கவில்லை.

இந்தக் கேபின் எப்படி வீடானது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. அது சாத்தாங்காட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் எண்ணூரிலேயே தொடங்குகிறது என்று சொல்லலாம்.

1948இல் அசோக் மோட்டார்ஸ் என்ற பெயரில் தொடங்கி, எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டிக் கொடுத்துக்கொண்டிருந்த நிறுவனம் 1955இல் அசோக் லேலண்ட் ஆனது. கார் போய் லாரியும் பஸ்ஸும் வந்தன. ஆனால் 'லாரி' என்று சொன்னாலும் தொழிற்சாலை வாசலிலிருந்து வெளியே வந்தது முழு லாரி இல்லை. சேஸிஸ் மட்டும்தான். என்ஜின், சக்கரம், ஸ்டியரிங், முன்னால் ஒரு மூக்கு. கதவு, கூரை, பின்சுவர் எதுவும் கிடையாது. இதை வாங்குகிறவருக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கென்றே சேஸிஸ் டிரைவர்கள் இருந்தார்கள். ஒரு மரப்பலகையைப் போட்டு உட்கார்ந்து, தலையிலும் முகத்திலும் துணியைச் சுற்றிக்கொண்டு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டிப் போவார்கள். மழையோ வெயிலோ நேராக உடம்பில்தான். சின்ன வயதில் நெடுஞ்சாலையில் இந்த எலும்புக்கூடு வண்டிகள் வரிசையாகப் போவதைப் பார்த்துக் கை காட்டாதவர்கள் குறைவு. ஜனவரி மாதத்தில் வடக்கே அதை ஓட்டிக்கொண்டு போனவர்களின் நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

வாங்கிய சேஸிஸுக்குப் பாடி கட்டுவது தனித் தொழில். நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி வட்டாரம் இதில் நாடு முழுக்கப் பேர் வாங்கியது. மரச்சட்டம் போட்டு, தகடு அடித்து, பெயின்ட் அடித்து, பூ வரைந்து, பெயர் எழுதித் தருவார்கள். ஒரு லாரி டிரைவரின் படுக்கையறையை வடிவமைத்தது எந்தக் கார் கம்பெனி இன்ஜினீயரும் இல்லை, பட்டறை ஆசாரிதான்! டிரைவர் சீட்டுக்குப் பின்னால் குறுக்கே ஒரு பலகை, அதன் மேல் ரெக்ஸின் மெத்தை. அதற்கடியில் சாமான் வைக்க இடம். கேபின் தலைக்கு மேலே ஒரு கேரியர், வெயில் காலத்தில் அங்கே ஏறிப் படுத்துக்கொள்ளலாம். கம்பெனியே கட்டித் தரும் முழு கேபின்கள் பரவலானது ரொம்பப் பிந்தித்தான்.

இனி சட்டம் என்ன சொன்னது என்று பார்க்கலாம். இந்தக் கதையின் சுவாரசியமான திருப்பமே இங்கேதான் இருக்கிறது.

1961இல் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வந்தது. ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை என்றது. அதன் 9ஆவது பிரிவு இன்னும் முக்கியமானது. டிரைவர்கள் இரவில் தங்க வேண்டியிருக்கும் இடங்களில் எல்லாம் ஓய்வறையோ அல்லது அதற்கு ஈடான தங்குமிடமோ முதலாளி ஏற்பாடு செய்ய வேண்டும் என்றது. கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! ஆனால் இந்தச் சட்டம் ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களுக்குத்தான் பொருந்தியது. நம் ஊர் லாரித் தொழிலில் ஒரு லாரி, இரண்டு லாரி வைத்திருக்கும் சின்ன முதலாளிகளே அதிகம். டிரைவராக இருந்து, கடன் வாங்கி லாரி வாங்கியவர்கள் நிறைய. ஒரு லாரிக்கு இரண்டு டிரைவர், ஒரு கிளீனர் என்று வைத்துக்கொண்டாலும் மூன்றுதான் வருகிறது. ஐந்து வரவில்லை. ஆக, ஓய்வறை தேவைப்பட்ட ஆட்களில் பெரும்பகுதிக்கு அந்தச் சட்டம் தானாக எட்டவில்லை.

1975இல் நேஷனல் பர்மிட் வந்தது. அதுவரை மாநில எல்லையைத் தாண்டுவதே பெரும்பாடாக இருந்த லாரிகள் இனி நாடு முழுக்கப் போகலாம் என்ற வழி பிறந்தது. கொங்கு நாட்டு லாரிகள் தில்லி, பஞ்சாப், அசாம் என்று போய் வரத் தொடங்கின. சேலத்து ஜவ்வரிசி, சிவகாசி தீப்பெட்டி, பொள்ளாச்சித் தேங்காய் எல்லாம் தார்ப்பாய்க்கு அடியில் வடக்கே போயின. வீட்டை விட்டுக் கிளம்பினால் திரும்பி வர வாரக்கணக்கு, மாதக்கணக்கு.

பிறகு 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள். இதில் 90ஆவது விதி நேஷனல் பர்மிட் வண்டிகளைப் பற்றியது. ஒவ்வொரு வண்டியிலும் குறைந்தது இரண்டு டிரைவர்கள் இருக்க வேண்டும், டிரைவர் சீட்டுக்குப் பின்னால் கேபினின் முழு அகலத்துக்கும் ஒரு இருக்கை இருக்க வேண்டும், மாற்று டிரைவர் அதில் காலை நீட்டிப் படுத்துத் தூங்க வசதி இருக்க வேண்டும் என்று அது சொன்னது. சட்டப் புத்தகத்தில் 'காலை நீட்டித் தூங்க' என்றெல்லாம் எழுதியிருப்பதைப் பார்த்தால் கொஞ்சம் நெகிழ்ச்சியாகக் கூட இருக்கும். ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1961இல் 'டிரைவருக்கு ரோட்டோரத்தில் ஒரு அறை கொடு' என்றார்கள். 1989இல் 'லாரிக்குள்ளேயே ஒரு கட்டில் போடு' என்றார்கள். அறை நடைமுறைக்கு வரவில்லை, கட்டில் வந்துவிட்டது. ஆசாரி ஏற்கனவே போட்டுக்கொண்டிருந்த பலகைக்குச் சட்ட அங்கீகாரம் கிடைத்தது என்றும் சொல்லலாம். வணிகவியல் பாஷையில் சொன்னால், முதலாளியின் செலவுக் கணக்கில் வந்திருக்க வேண்டிய தங்குமிடச் செலவு வண்டியின் அடக்கவிலைக்குள் போய்விட்டது. தேய்மானம் கூட எழுதிக்கொள்ளலாம்!

சரி, குளிருக்கு வருவோம். சென்னைக்காரர்களுக்குக் குளிர் என்றால் மார்கழி அதிகாலையில் ஒரு சால்வை. சென்னையில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 13.9 டிகிரிதான். அதுவும் நூறு வருடத்துக்கு முந்திய கணக்கு. தில்லியில் ஜனவரி இரவுகளில் 4, 5 டிகிரி என்பது சாதாரணம். காஷ்மீரில் டிசம்பர் 21 தொடங்கி நாற்பது நாட்களை 'சில்லை கலான்' என்பார்கள், பெருங்குளிர்க் காலம். 2024 டிசம்பர் 21 அன்று ஸ்ரீநகரில் மைனஸ் 8.5 டிகிரி பதிவானது. நாமக்கல் வெயிலுக்குக் கட்டிய கேபின் இந்தக் குளிரை எப்படித் தாங்கும்?

தாங்காது. மரச்சட்டத்துக்கும் தகடுக்கும் நடுவில் இடைவெளி, கதவில் இடைவெளி, கியர் ராடு வரும் ஓட்டையில் இடைவெளி. பழைய லாரிகளில் என்ஜின் பாதி கேபினுக்குள்ளேயே இருக்கும். வெயில் காலத்தில் அது நரகம், குளிர்காலத்தில் அதுதான் கணப்பு. வண்டியை நிறுத்தியதும் அந்த மூடியை ஒட்டிப் படுத்துக்கொள்வார்கள். கொஞ்ச நேரத்தில் ஆறிவிடும். விடிய விடிய என்ஜினை ஓடவிட்டால் டீசல் தீரும், டீசல் கணக்கை முதலாளி கேட்பார். ஆகவே கம்பளி, அதற்கு மேல் இன்னொரு கம்பளி, ஜன்னல் இடுக்கில் செய்தித்தாள்.

குளிர் ஆளை மட்டும் பிடிக்காது, வண்டியையும் பிடிக்கும். டீசலில் மெழுகு உண்டு. குளிர்ந்தால் அது திரண்டு ஃபில்டரை அடைக்கும், இன்னும் குளிர்ந்தால் டீசலே ஓடாது. எந்த வெப்பநிலை வரை டீசல் ஓட வேண்டும் என்பதற்கு இந்தியத் தர நிர்ணயத்தில் இரண்டு கணக்கு இருக்கிறது. குளிர்காலத்தில் அதிகபட்சம் 3 டிகிரி, கோடையில் 15 டிகிரி. மலைக்குளிருக்கு இது போதாது. லடாக்குக்கென்று மைனஸ் 33 டிகிரியிலும் ஓடும் தனி டீசலை இந்தியன் ஆயில் 2019 நவம்பரில்தான் அறிமுகப்படுத்தியது. அதுவரை மண்ணெண்ணெய் கலப்பது, டேங்குக்கு அடியில் தீ மூட்டுவது போன்ற நாட்டு வைத்தியம்தான். டீசல் டேங்குக்கு அடியில் தீ! ஏர் பிரேக் டேங்கில் சேரும் தண்ணீரையும் தினமும் திறந்து விட வேண்டும். உறைந்துவிட்டால் பிரேக் வேலை செய்யாது. தெற்கே இருந்து முதல் தடவை போகிறவருக்கு இதெல்லாம் தெரியாது, பழைய டிரைவர் சொல்லித்தான் தெரிய வேண்டும்.

காஷ்மீர் ரோடு தனிக் கதை. ஜம்முவிலிருந்து ஸ்ரீநகருக்குப் போகும் நெடுஞ்சாலை பனியாலும் மண்சரிவாலும் அடிக்கடி மூடப்படும். 1956இல் திறந்த ஜவாஹர் சுரங்கப்பாதை வழியாகத்தான் பல பத்தாண்டுகள் எல்லா லாரியும் போயின. 2021இல் எட்டு கிலோமீட்டருக்கு மேல் நீளமான புதிய சுரங்கம் பனிஹால் - காஸிகுண்ட் நடுவில் வந்த பிறகும் ராம்பன் பக்கத்து மண்சரிவு நிற்கவில்லை. ரோடு மூடினால் லாரிகள் இருந்த இடத்திலேயே நாட்கணக்கில் நிற்கும். ஆப்பிள் அழுகினால் செய்தித்தாளில் வரும். டிரைவர் என்ன சாப்பிட்டார், எங்கே குளித்தார் என்பது பெரும்பாலும் வராது.

இத்தனையிலும் மிக ஆபத்தானது அடுப்புதான். வெளியே காற்று வெட்டுகிறது, கேபினுக்குள் ஸ்டவ்வைப் பற்ற வைத்துச் சமைப்பார்கள். சமைத்து முடித்த பிறகும் சூட்டுக்காக அணைக்காமல் விட்டு, கண்ணாடிகளை ஏற்றிவிட்டுப் படுப்பவர்கள் உண்டு. வடக்கே என்றால் 'அங்கீட்டி' என்ற கரி அடுப்பு. மூடிய இடத்தில் கரியோ எண்ணெயோ சரியாக எரியாவிட்டால் கார்பன் மோனாக்ஸைடு உண்டாகும். மணம் கிடையாது, நிறம் கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜன் ஏற வேண்டிய இடத்தில் அது ஏறி உட்கார்ந்துகொள்ளும். தலைவலியும் மயக்கமும்தான் அடையாளம், தூங்குகிறவருக்கு அதுவும் தெரியாது. வட இந்தியாவில் ஒவ்வொரு குளிர்காலத்திலும் இப்படி இறந்தவர்களைப் பற்றிச் செய்தி வருகிறது. வீடுகளில், கூடாரங்களில், லாரி கேபின்களில். கேபின் ரொம்பச் சின்ன அறை. அதை எவ்வளவு நன்றாக அடைக்கிறோமோ அவ்வளவு சீக்கிரம் விஷம் நிரம்பும். குளிருக்குப் பயந்து செய்தித்தாளால் இடுக்கை அடைத்தவருக்கு அந்த இடுக்குதான் உயிரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது என்று யார் சொல்வது?

முன்பெல்லாம் சொல்வதற்குப் பக்கத்தில் ஆள் இருந்தார். சட்டப்படி இரண்டு டிரைவர், வழக்கப்படி ஒரு கிளீனர். ஒருவர் தூங்கினால் ஒருவர் விழித்திருப்பார். 2018 நவம்பரில் 90ஆவது விதி திருத்தப்பட்டது, இரண்டு டிரைவர் கட்டாயம் எடுக்கப்பட்டது. செலவு குறையும் என்பது காரணம். நேர்மையாகச் சொன்னால் அதற்கு முன்பே பல லாரிகள் ஒரே டிரைவரோடுதான் ஓடிக்கொண்டிருந்தன, பர்மிட் காகிதத்தில் மட்டும் இரண்டு பேர். பேட்டாவும் டீசலும் டோலும் போக மிச்சம் நிற்காத தொழிலில் முதலில் வெட்டப்படுவது கூட வரும் ஆளின் சம்பளம்தான். கிளீனர் வேலைக்கு வரப் பையன்களும் இல்லை. யாருக்கும் அந்த வாழ்க்கை வேண்டாம். விளைவு, இருவருக்காக எழுதப்பட்ட கட்டிலில் இப்போது ஒருவர். தில்லி சஞ்சய் காந்தி டிரான்ஸ்போர்ட் நகரில் ரிட்டர்ன் லோடுக்காக நான்கைந்து நாள் காத்துக் கிடக்கும்போதும் அவர் தனியாகத்தான் கிடக்கிறார்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது நாடெங்கும் லாரிகள் ஆங்காங்கே நின்றன. தாபாக்கள் மூடிவிட்டன. எல்லோரும் வீட்டிலேயே இருங்கள் என்று அரசாங்கம் சொன்ன வாரங்களில் இவர்களும் இருந்தார்கள், கேபினில். ஏப்ரல் 15ஆம் தேதி உத்தரவில் இரண்டு டிரைவர், ஒரு உதவியாளரோடு சரக்கு லாரிகள் போகலாம் என்று உள்துறை அமைச்சகம் தெளிவுபடுத்தியது. ஒன்றரை வருடத்துக்கு முன் விதியிலிருந்து எடுத்த இரண்டாவது டிரைவர் நெருக்கடி வந்ததும் காகிதத்தில் திரும்பி வந்ததைக் கவனியுங்கள்.

அண்மைய மாற்றம் ஏசி. 2025லிருந்து தயாராகும் நடுத்தர, கனரக சரக்கு வண்டிகளின் கேபினில் ஏசி கட்டாயம் என்று மத்திய அரசு விதி கொண்டுவந்தது. ரொம்ப நல்ல விஷயம், தாமதமாக வந்த நல்ல விஷயம். மே மாதத்தில் நாக்பூரைத் தாண்டிய எந்த டிரைவரும் இதைக் குறை சொல்லமாட்டார். ஆனால் இது வெயிலை நினைத்து எழுதியது. என்ஜின் ஓடினால்தான் ஏசி ஓடும், நிறுத்தி வைத்த வண்டியில் தூங்குகிற ஆளுக்கு அதனால் பெரிய லாபமில்லை. குளிர் நாடுகளில் என்ஜின் ஓடாமலே கேபினைச் சூடாக்கும் சின்ன டீசல் ஹீட்டர் வைக்கிறார்கள், புகை வெளியே போகும், சூடு மட்டும் உள்ளே வரும். நம் லாரிகளில் அதைக் கட்டாயமாக்கும் பேச்சு இல்லை. ரோட்டில் இப்போது ஓடும் லட்சக்கணக்கான பழைய லாரிகளுக்கு ஏசி விதியும் பொருந்தாது.

ஐரோப்பாவில் இதே கேள்வி வேறு மாதிரி தீர்ந்தது. அங்கே லாரி டிரைவர் வாரத்துக்கு ஒரு முறை 45 மணி நேரம் தொடர்ந்து ஓய்வெடுக்க வேண்டும். அந்த ஓய்வைக் கேபினிலேயே எடுக்கலாமா என்று பெல்ஜியத்திலிருந்து ஒரு வழக்குப் போனது. கூடாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2017 டிசம்பர் 20 அன்று தீர்ப்புச் சொன்னது. லாரி கேபின் எவ்வளவு சொகுசாக இருந்தாலும் நீண்ட ஓய்வுக்கு அது தகுந்த இடம் இல்லை என்பது சாரம். 2020இல் அது சட்டத்திலேயே வெளிப்படையாக எழுதப்பட்டு, தங்குமிடச் செலவு முதலாளியுடையது என்றும் சேர்க்கப்பட்டது. அங்கேயும் மீறுகிறவர்கள் இருக்கிறார்கள். இருந்தாலும் யார் தலையில் செலவு என்பதில் குழப்பமில்லை. நம் 1961 சட்டத்தின் 9ஆவது பிரிவு கிட்டத்தட்ட இதையேதான் சொன்னது, அவர்களுக்கு அறுபது வருடம் முந்தியே!

நம் அரசும் சும்மா இல்லை. பெட்ரோல் பங்குகளில் டிரைவர்களுக்குப் படுக்கை, குளியலறை, சமைத்துக்கொள்ள இடம் கொண்ட 'அப்னா கர்' விடுதிகள் கட்டப்பட்டு வருகின்றன. நெடுஞ்சாலைகளில் ஆயிரம் ஓய்வு மையங்கள் அமைப்பதாக 2024 பிப்ரவரியில் பிரதமர் அறிவித்தார். நீண்ட தூரம் போகிறவர் இரவில் ஒதுங்க இவை உதவும். சாத்தாங்காட்டு வரிசையில் நிற்கும் டிரெய்லர் டிரைவருக்கு மட்டும் இது கணக்கில் வராது. முன்னால் உள்ள வண்டி பத்தடி நகர்ந்தால் இவரும் பத்தடி நகர வேண்டும். நகராவிட்டால் பின்னால் இருப்பவர் ஹாரன் அடிப்பார், அதற்கும் அசையாவிட்டால் முந்திக்கொண்டு போவார். பக்கத்திலேயே மெத்தை போட்ட விடுதி இருந்தாலும், ராத்திரி இரண்டு மணிக்கு வரிசை நகரும்போது அவர் ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருந்தாக வேண்டும்.